கடலோர வீட்டுக்கு எத்தனை டன் ஹீட் பம்ப்? மூணு பேர் மூணு நம்பர் சொன்னா யார நம்பறது?

வாசகர் கேள்வி:

சார், எங்க வீடு கடல்ல இருந்து 200 மீட்டர்தான். ஒரே தளம், 1500 சதுர அடி, அதாவது சுமார் 140 சதுர மீட்டர். சுவர், கூரை ரெண்டுக்கும் இன்சுலேஷன் இருக்கு, ஜன்னல் எல்லாம் டபுள் கிளாஸ். ஹால்ல மேற்கு பக்கம் கடல் தெரியற மாதிரி 12 சதுர மீட்டருக்குக் கண்ணாடி, அதுக்கு வெளிய நிழல்னு எதுவும் இல்ல. குளிர்காலத்துல ராத்திரி 4 டிகிரி வரைக்கும் இறங்கும், கோடையில 32தான் ஆனா உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். இப்ப இருக்கறது பழைய 4 டன் டக்ட் ஏசி (பெரிய குழாய் வழியா எல்லா அறைக்கும் காத்து அனுப்பற டைப்), கூட ஒரு கேஸ் ஹீட்டர். நல்ல வெயில் நாள்ல சாயங்காலம் 5 மணிக்கு மேல ஏசி கம்ப்ரெஸர் ஒரு மணி நேரத்துல 40 நிமிஷம் ஓடுது. குளுமை வருது, ஆனா ராத்திரி பெட்ஷீட் தொட்டா ஈரமா இருக்கற மாதிரி இருக்கு, அலமாரியில பூஞ்சை வாடை. ரெண்டையும் தூக்கிட்டு, கோடையில குளுமையும் குளிர்காலத்துல சூடும் தர்ற ஒரே ஹீட் பம்ப் போடலாம்னு மூணு பேர வரச் சொன்னோம். ஒருத்தர் 5 டன், ஒருத்தர் 3.5, ஒருத்தர் 2.5ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கடல் காத்துல மெஷின் சீக்கிரம் வீக்காயிடும், பெருசா போட்டாதான் தாங்கும்னு 5 டன்காரர் சொல்றார். எனக்கும் கொஞ்சம் பெருசா இருந்தா தப்பில்லன்னுதான் தோணுது. எது சரி?

பதில்:

மேடம், 5 டன் வேண்டாம். 3.5ம் வேண்டாம். உங்க லெட்டர்ல இருக்கற விவரத்த மட்டும் வெச்சே இத தைரியமா சொல்லலாம், ஏன்னா பெரும்பாலான பேர் கவனிக்காத ரெண்டு விஷயத்த நீங்க கவனிச்சு எழுதியிருக்கீங்க, ஒண்ணு அந்த 40 நிமிஷம், இன்னொண்ணு பெட்ஷீட் ஈரம். இந்த ரெண்டுமே உங்க வீட்டுக்கு இப்ப இருக்கற 4 டன்னே ஜாஸ்தின்னு சொல்லுது.

முதல்ல அந்த 40 நிமிஷத்த எடுத்துக்கலாம். 1 டன்னுங்கறது மணிக்கு 12,000 பி.டி.யூ., கிலோவாட்ல சொன்னா 3.5. அப்ப 4 டன் சுமாரா 14 கிலோவாட். அது ஆன்-ஆஃப் டைப் மெஷின், ஓடினா முழு வேகம் இல்லன்னா நிக்கும், நடுவுல எதுவும் கிடையாது. வருஷத்துலயே மோசமான நேரத்துல 60 நிமிஷத்துக்கு 40 நிமிஷம் ஓடி வீட்ட சமாளிக்குதுன்னா வீட்டோட தேவை 14ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 9.3 கிலோவாட். டன்ல 2.7 கூட முழுசா வரல. அதுவும் மெஷின் புதுசுல குடுத்த 14 கிலோவாட்ட இன்னும் குடுக்குதுன்னு வெச்சுக்கிட்டு போட்ட கணக்கு, பழைய மெஷின் அவ்வளவு குடுக்கறது கஷ்டம், அப்ப உண்மையான தேவை இன்னும் குறைவாதான் இருக்கும். ஒரு கடிகாரமும் பொறுமையும் இருந்தா யார் வீட்டுலயும் இந்த டெஸ்ட்ட பண்ணிப் பாக்கலாம், சதுர அடிய வெச்சு இத்தனை அடிக்கு இத்தனை டன்னு சொல்ற கணக்க விட இது எவ்வளவோ மேல்.

இப்ப அதையே வேற வழியில சரி பாக்கலாம், ஏன்னா ஒரே நம்பர நம்பி இவ்வளவு பணம் போடக்கூடாது. லோடு கால்குலேஷன்னு சொல்றாங்களே, அமெரிக்கால மேனுவல் ஜேன்னும் ஐரோப்பால குளிர்காலத்துக்கு ஈ.என். 12831ன்னும் இதுக்கு முறை எழுதி வெச்சிருக்காங்க, அடிப்படை எங்கயும் ஒண்ணுதான். சுவர், ஜன்னல், கூரை, தரை ஒவ்வொண்ணு வழியாவும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் போகுதுன்னு பாத்து கூட்டணும், அதோட சந்து பொந்து வழியா உள்ள வர்ற காத்தையும் சேக்கணும். நீங்க சொன்ன மாதிரி வீட்டுக்கு நான் பொதுவான மதிப்ப வெச்சு போட்டுப் பாத்தேன், சுவர் 70, ஜன்னல் 73, கூரை 42, தரை 35, காத்து 97. மொத்தம் டிகிரிக்கு 317 வாட். வெளிய 4, உள்ள 20ன்னா வித்தியாசம் 16 டிகிரி, பெருக்கினா 5 கிலோவாட் சொச்சம். குளிர்காலத்துல உங்க வீடு கேக்கறது அவ்வளவுதான், ஒன்றரை டன்னுக்குக் கீழ. கடல் பக்கத்துல இருக்கற வீட்டுக்கு இயற்கையே குடுக்கற சலுகை இது, தண்ணி சீக்கிரம் சூடாகாது சீக்கிரம் ஆறவும் ஆறாது, அதனால உள்நாட்டுல இருக்கற அதே மாதிரி வீட்ட விட இங்க குளிரும் வெயிலும் எல்லை மீறாது. உள்நாட்டு வீடுகளுக்கு போட்டுப் பழகினவங்க அதே கைக்கணக்க கடற்கரைக்கும் கொண்டு வந்துடறாங்க.

கோடைக்கு வாங்க. வெளிய 32 உள்ள 25ன்னா வித்தியாசம் வெறும் 7 டிகிரி, சுவர் ஜன்னல் கூரை காத்து எல்லாம் சேத்து 2 கிலோவாட், கூரை மேல விழற வெயிலுக்கு இன்னொரு அரை. ஆளுங்க, ஃப்ரிட்ஜ், டிவி, அடுப்பு எல்லாத்துக்கும் 1. ஈரத்துக்கு ஒன்றரை, அத அப்புறம் விரிவா சொல்றேன். இதெல்லாம் கூட்டினா 5தான் வருது. மீதி எங்கன்னா அந்த மேற்கு கண்ணாடியில. சாயங்கால வெயில் மேற்கு பாத்த கண்ணாடிமேல நேரா அடிக்கும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் சாதாரணமா விழும், சாதா டபுள் கிளாஸ் அதுல சுமார் 70 சதவீதத்த உள்ள விட்டுடும். 12 சதுர மீட்டர், 600 வாட், 0.7, மூணையும் பெருக்குங்க, 5 கிலோவாட்! கடல் தெரியுதேன்னு ஆசையா வெச்ச அந்த ஒரு கண்ணாடி மொத்த வீட்டோட லோடுல பாதி. எல்லாம் சேத்தா 10 கிலோவாட். உங்க 40 நிமிஷக் கணக்கு 9.3ன்னு சொல்லுது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வர்றதால இந்த நம்பர நம்பலாம்.

ஆனா பாருங்க, அந்த 5 கிலோவாட் வெயில் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மணி நேரம்தான், அதுவும் வெயில் இருக்கற நாள்லதான். அதுக்காக வருஷம் முழுக்க பெரிய மெஷின வெச்சு ஓட்டறதா, இல்ல அந்த வெயில வெளியவே நிறுத்தறதா? நான் எப்பவும் ரெண்டாவதத்தான் சொல்வேன். கண்ணாடிக்கு வெளிய ஒரு ஷேடு, உருட்டி இறக்கற துணி ஸ்கிரீனோ, சாய்ச்சு வைக்கற தகடு லூவரோ, எதா இருந்தாலும் சரி. வெளிய இருக்கணும், அதுதான் முக்கியம். உள்ள தொங்கற கர்ட்டன் சூட்ட கண்ணாடிக்கு உள்ள வந்தப்புறம்தான் தடுக்குது, அப்ப பெரும்பகுதி வீட்டுக்குள்ளயேதான் கிடக்கும். நல்ல வெளி ஷேடு நாலுல மூணு பங்க தடுத்துச்சுன்னா 5 கிலோவாட் 1.25 ஆயிடும், மொத்த லோடு 10ல இருந்து 6 சொச்சத்துக்கு வந்துடும், அதாவது ஒண்ணேமுக்கால் டன். கடற்கரையில காத்து பலமா அடிக்கும்கறதால பக்கவாட்டுல தண்டவாளம் வெச்சு ஓடற மாதிரி ஸ்கிரீனா பாத்து வாங்குங்க, சும்மா தொங்கற டைப் கிழிஞ்சு போயிடும்.

சரி, ஈரம். கடலோர வீட்டுல சைஸ் பத்தி பேசறப்ப இதத்தான் நான் எல்லாத்துக்கும் முன்னாடி வைப்பேன், உங்க மூணு பேர்ல ஒருத்தர் கூட இதப் பத்தி பேசின மாதிரி தெரியல. 32 டிகிரியில 60 சதவீத ஈரப்பதம்னா ஒரு கிலோ காத்துல சுமார் 18 கிராம் தண்ணி இருக்கும். உள்ள நமக்கு சுகமா இருக்கற 25 டிகிரி 50 சதவீதத்துல 10 கிராம்தான். அப்ப வெளிக்காத்து ஒவ்வொரு கிலோ உள்ள வர்றப்பவும் 8 கிராம் தண்ணிய கூடவே தூக்கிக்கிட்டு வருது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வீட்டுக் காத்து மொத்தமா மாறுதுன்னு வெச்சுக்கங்க, உங்க வீட்டுக்கு மணிக்கு 250 கிலோ காத்து, 2 லிட்டர் தண்ணி. ஒரு நாளைக்கு 48 லிட்டர். இந்தத் தண்ணிய காத்துல இருந்து பிரிச்சு வெளிய விடறதுக்கே 1.4 கிலோவாட்டுக்கு பக்கத்துல ஆகும், மூச்சு வேர்வையெல்லாம் சேத்தா ஒன்றரைக்கு மேல.

இப்ப ராத்திரி 11 மணிய நெனச்சுப் பாருங்க. வெளிய 26 டிகிரிக்கு இறங்கிடுச்சு, ஈரப்பதம் 85 ஆயிடுச்சு. கிராம்ல பாத்தா அதே 18தான்! சூடு போயிடுச்சு, தண்ணி அப்படியே இருக்கு. வெயில் கிடையாது, வெளிக்கும் உள்ளுக்கும் ஒரே டிகிரிதான் வித்தியாசம். மெஷின் செய்ய வேண்டிய வேலை மொத்தமே ரெண்டு ரெண்டரை கிலோவாட், அதுலயும் பாதிக்கு மேல தண்ணி எடுக்கற வேலை. ஆனா தெர்மோஸ்டாட்டுக்கு தண்ணி தெரியாது, அது டிகிரிய மட்டும்தான் பாக்கும். உங்க 14 கிலோவாட் மெஷின் ஸ்டார்ட் ஆகி ஒரு மூணு நாலு நிமிஷத்துல அறைய குளுப்பாட்டிட்டு நின்னுடும். அந்த மூணு நாலு நிமிஷத்துல என்ன நடக்குதுன்னா, முதல்ல உள்ள இருக்கற காயில் 14 டிகிரிக்குக் கீழ போகணும், ஏன்னா 25 டிகிரி 50 சதவீத காத்துல தண்ணி பிரியறதே அதுக்குக் கீழதான். அப்புறம் ஃபின் மேல, அதாவது காயில சுத்தி இருக்கற மெல்லிய தகடுங்க மேல, துளித்துளியா பிடிக்கணும், ஃபின் தாங்கற அளவு நனைஞ்சதுக்கப்புறம்தான் வழிஞ்சு டிரே வழியா பைப்புக்குப் போகும். அது வழிய ஆரம்பிக்கறதுக்குள்ள கம்ப்ரெஸர் ஆஃப். ஃபேன் மட்டும் ஓடிட்டே இருந்துச்சுன்னா காயில்ல ஒட்டியிருக்கற தண்ணியெல்லாம் ஆவியாகி திரும்ப பெட்ரூமுக்கே வந்துடும். உங்க பெட்ஷீட் ஈரமும் அலமாரி வாடையும் பெரும்பாலும் இங்க இருந்துதான் வருது. 5 டன் போட்டா ஒரு மணி நேரத்துல மொத்தமே 8 நிமிஷம்தான் ஓடும், நிலைமை இன்னும் மோசமாகும். (இன்னிக்கே ஒண்ணு பண்ணுங்க, தெர்மோஸ்டாட்ல ஃபேன் 'ஆன்'ல இருந்தா 'ஆட்டோ'வுக்கு மாத்துங்க. காசே செலவில்லாம கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.)

இப்பல்லாம் எல்லாமே இன்வெர்ட்டர்தானே, அது தானா வேகத்த குறைச்சுக்குமே, பெருசா இருந்தா என்னன்னு உங்ககிட்ட சொல்வாங்க. பாதி உண்மை. இன்வெர்ட்டருக்கும் ஒரு தரை மட்டம் உண்டு, அதுக்குக் கீழ அதால இறங்க முடியாது, அப்ப அதுவும் ஆன்-ஆஃப் மாதிரிதான் நடந்துக்கும். பெரிய மெஷின் பலதும் 4, 5 கிலோவாட்டுக்குக் கீழ வராது, உங்க ராத்திரி தேவையோ ரெண்டரை. அதனால கேட்டலாக்ல மேக்ஸிமம் எவ்வளவுன்னு பாக்கறத விட மினிமம் எவ்வளவுன்னு பாருங்க, 2 கிலோவாட்டுக்குப் பக்கத்துல இறங்கற மெஷினா இருக்கணும். இன்னொரு விஷயமும் இருக்கு, பெரிய காயில், பெரிய ஃபேன், கம்ப்ரெஸர் மட்டும் மெதுவா ஓடுதுன்னா காயில் அவ்வளவு ஜில்லுன்னு ஆகாது, 16 டிகிரியிலயே நின்னுக்கும், அறை குளுமையா இருக்கும் ஆனா டிரெயின் பைப்புல சொட்டு தண்ணி வராது. இத சரி பண்ண இன்ஸ்டால் பண்றவர்கிட்ட காத்து அளவ குறைச்சு செட் பண்ணச் சொல்லலாம், சாதாரணமா டன்னுக்கு நிமிஷத்துக்கு 400 கன அடின்னு வைப்பாங்க, கடலோரத்துக்கு 350 நல்லது. அப்பவும் மழைக்காலத்துல ஈரம் அடங்கலன்னா காத்துல இருக்கற ஈரத்த மட்டும் எடுக்கற டீஹியூமிடிஃபையர் ஒண்ணு தனியா வெச்சுக்கறது ஹீட் பம்ப்ப பெருசாக்கறத விட ஆயிரம் மடங்கு மேல்.

குளிர்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை சொல்லணும், சின்னதா போடுங்கன்னு நான் சொல்றத தப்பா எடுத்துக்கிட்டு ஜனவரி ராத்திரியில நடுங்கக்கூடாது. ஹீட் பம்ப்போட ஹீட்டிங் கெப்பாசிட்டின்னு பெட்டி மேல பெருசா போட்டிருக்கறது வெளிய 7 டிகிரி இருக்கறப்ப எடுத்த அளவு, ஐ.எஸ்.ஓ. 5151 டெஸ்ட் முறை அப்படித்தான். 4 டிகிரிக்கு, அதுவும் கடலோரத்து ஈரக் காத்துக்கு, அந்த நம்பர் செல்லாது. வெளி யூனிட்டோட காயில் வெளிக்காத்த விட சில டிகிரி கீழதான் இருக்கும், காத்து 4ன்னா காயில் சைபருக்குக் கீழ, காத்துல இருக்கற ஈரமெல்லாம் அதுமேல பனியா உறைஞ்சு ஃபின் சந்த அடைச்சுக்கும். அப்ப மெஷின் கொஞ்ச நேரம் திரும்பி ஓடி அந்தப் பனிய உருக்கணும், அதுதான் டிஃப்ராஸ்ட், அந்த நேரத்துல வீட்டுக்கு சூடு வராது. மைனஸ் 10 டிகிரி வறண்ட குளிர விட 0ல இருந்து 5 டிகிரி ஈரக்குளிர்லதான் இந்தத் தொல்லை அதிகம், ஏன்னா அந்தக் கடும் குளிர்ல காத்துல உறையறதுக்கு ஈரமே பெருசா கிடையாது. அதனால கம்பெனியோட டேட்டா டேபிள்ல 2 டிகிரி வரிசைய பாருங்க, டிஃப்ராஸ்ட்டுக்குப் போற நேரத்தையும் கழிச்ச கெப்பாசிட்டியான்னு கேளுங்க, சில கம்பெனி கழிக்காத நம்பரப் போட்டிருப்பாங்க. அந்த வரிசையில 5.1 கிலோவாட்டுக்கு மேல இருந்தா உங்களுக்குப் போதும். ரெண்டு ரெண்டரை டன் இன்வெர்ட்டர் மெஷின்ல அது சுலபமா இருக்கும், கூட கரண்ட் ஹீட்டர் ஸ்ட்ரிப் தேவையே படாது.

டிசைன் டெம்பரேச்சர்னு ஒண்ணு வெச்சுதான் இதெல்லாம் கணக்குப் போடறாங்க, ஆஷ்ரேங்கற அமெரிக்க ஏசி இன்ஜினியர்கள் அமைப்பு ஊர் ஊரா டேபிள் போட்டு வெச்சிருக்கு. 99 சதவீதம்னு போட்டிருந்தா வருஷத்துல சுமார் 88 மணி நேரம் மட்டும் அத விடக் குளிரா இருக்கும்னு அர்த்தம். அந்த 88 மணி நேரத்துல வீடு 20க்கு பதிலா 19ல இருந்தா ஒண்ணும் ஆகாது, அதுக்காக ஒரு சைஸ் ஏத்தறதுல எனக்கு சம்மதமே இல்ல. நீங்க சொன்ன 4 டிகிரி எப்பவோ ஒரு நாள் வந்ததா, இல்ல வருஷா வருஷம் பல ராத்திரி வர்றதான்னு மட்டும் பாத்துக்கங்க.

இனிமே 5 டன்காரர் சொன்ன உப்புக் காத்து. கடல் காத்து மெஷின தின்னுடும்கறது உண்மைதான், அதுல அவர குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு அவர் சொல்ற வைத்தியம்தான் தப்பு. உங்க பழைய யூனிட்டோட கடல் பக்கம் போய் குனிஞ்சு பாருங்க, ஃபின் ஓரமெல்லாம் வெள்ளையா பூத்திருக்கும், விரல் வெச்சு லேசா தேய்ச்சா பொடிப்பொடியா உதிரும். அலுமினியம் ஃபின்னும் செம்புக் குழாயும் தொட்டுக்கிட்டு இருக்கற இடத்துல உப்பு ஈரம் பட்டா ஒரு சின்ன பேட்டரியே அங்க உருவாகிடுது, அதுல தியாகம் ஆகறது அலுமினியம். ஃபின் குழாய விட்டு விலகிச்சுன்னா சூடு கடத்தற வேலையே நின்னு போச்சு. 5 டன்னா இருந்தாலும் 2 டன்னா இருந்தாலும் இது ஒரே வேகத்துலதான் நடக்கும், பெரிய மெஷின்ல அரிக்கறதுக்கு இன்னும் நிறைய ஃபின் இருக்கும் அவ்வளவுதான்.

சைஸ் ஏத்தறதுக்கு வெச்ச காச இங்க போடுங்க. ஃபேக்டரியிலயே காயில முழுசா முக்கி எடுத்து எப்பாக்ஸி கோட்டிங் பண்ணின மாடல் கேளுங்க. கடைசியில வந்து ஸ்ப்ரே அடிச்சுத் தர்றேங்கறவங்ககிட்ட ஜாக்கிரதை, ஃபின்னுக்கு நடுவுல ஆழத்துக்கு அந்த ஸ்ப்ரே போகாது. நீலக் கலர் ஃபின்னு காட்டி இதுவே கடலுக்குப் போதும்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க, அந்தப் பூச்சோட முக்கிய வேலை தண்ணி சீக்கிரம் வழிஞ்சு போக வைக்கறது, 200 மீட்டர் தூரத்துல உப்ப சமாளிக்க அது மட்டும் பத்தாது. உப்புத் தெளிப்பு டெஸ்ட்ல இத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கிச்சுன்னு காட்டுவாங்க, 35 டிகிரியில 5 சதவீத உப்புத் தண்ணிய விடாம தெளிச்சுப் பாக்கற டெஸ்ட் அது. ரெண்டு கோட்டிங்ல எது மேல்னு ஒப்பிட்டுப் பாக்க உதவும், அந்த மணி நேரத்த வருஷமா மாத்தி உங்க வீட்டுல இத்தனை வருஷம் வரும்னு கணக்குப் போட முடியாது. வாரண்டி பேப்பர்ல கடல்ல இருந்து இத்தனை மீட்டருக்குள்ள வெச்சா செல்லாதுன்னு ஒரு வரி இருக்கான்னும் தேடிப் பாத்துடுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே.

யூனிட்ட எங்க வைக்கறோம்கறது கோட்டிங் அளவுக்கு முக்கியம். கடலுக்கு முதுகு காட்டற பக்கம், வீடே காத்த மறைக்கற இடத்துல வையுங்க. ஆனா மழை படற இடமா இருக்கட்டும். இது கேக்கறதுக்கு முரணா தெரியும், மழைதான் உப்ப இலவசமா கழுவி விடுது, அதனால யூனிட்டுக்கு மேல கூரை போட்டு பாதுகாக்கறேன்னு மழைய தடுத்துடாதீங்க, உப்பு மட்டும் படிஞ்சுக்கிட்டே போகும். மழையில்லாத மாசங்கள்ல நல்ல தண்ணிய ஹோஸ்ல மெதுவா விட்டு கழுவுங்க, மாசம் ஒரு தடவ, பிரஷர் வாஷர் மட்டும் வேண்டவே வேண்டாம், ஃபின் மடிஞ்சுடும். ஸ்டாண்ட், நட்டு, போல்ட்டு எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க, 304 கடல் பக்கத்துல கறை பிடிக்கும்.

காத்து பத்தி இன்னொண்ணு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா சுவர் மேல அது தள்ளற அழுத்தம் நாலு மடங்காகும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல 15 பாஸ்கல், 10 மீட்டர்ல 60. ஜன்னல் ஃபிரேம் சந்து, கூரையும் சுவரும் சேர்ற இடம், கரண்ட் பைப் போற ஓட்டை, இதெல்லாம் வழியா அந்த 18 கிராம் தண்ணிக் காத்து பீச்சி அடிச்சுக்கிட்டு உள்ள வரும். என் கணக்குல காத்துக்கு மட்டும் டிகிரிக்கு 97 வாட் போட்டேன் பாருங்க, மொத்தத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. புளோயர் டோர் டெஸ்ட்னு கதவுல ஃபேன் மாட்டி 50 பாஸ்கல் அழுத்தத்துல எங்கெங்க ஒழுகுதுன்னு காட்டுவாங்க, கிடைச்சா ஒரு தடவ பண்ணிடுங்க. சந்து அடைக்கறதுல கோடையில ஈரமும் குறையும், குளிர்ல சூடும் தங்கும், ரெண்டு பக்கமும் லாபம்.

உங்க டக்ட்ட பத்தி நீங்க எதுவும் கேக்கல, ஆனா 5 டன்காரர் அதையும் யோசிக்கல போல. இப்ப இருக்கற டக்ட் 4 டன்னுக்குப் போட்டது, நிமிஷத்துக்கு 1600 கன அடி காத்து. 5 டன்னுக்கு 2000 வேணும், அதே டக்ட்ல அத தள்ளணும்னா அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும், சத்தம் வரும், ஃபேனும் திணறும். ரெண்டரை டன்னுக்கு இறங்கினா அதே டக்ட் தாராளமா இருக்கும். போற வழியில ஜாயிண்ட்லாம் ஒழுகாம இருக்கான்னு மட்டும் பாத்து அடைச்சுக்கங்க.

டக்ட்டே வேண்டாம், ஒரு பெரிய வெளி யூனிட்டுல நாலு அறைக்கு நாலு ஸ்பிளிட் மாட்டலாம்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிதானிங்க. ராத்திரி ஒரே ஒரு பெட்ரூம் மட்டும் ஓடறப்ப அந்த அறைக்கு அரை கிலோவாட் போதும், வெளி யூனிட் இறங்கற குறைஞ்ச அளவே அதுக்கு பல மடங்கு இருக்கும், திரும்பவும் அதே ஆன்-ஆஃப், அதே ஈரம். பிரிக்கணும்னு ஆசைப்பட்டா ஹாலுக்குத் தனியா ஒண்ணு, பெட்ரூம் பக்கத்துக்கு சின்ன டக்ட் யூனிட் ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி வெளி யூனிட்டா போடுங்க. சாயங்காலம் ஹால்ல மட்டும் வெயில் இருக்கறதால உங்க வீட்டுக்கு இது நல்லாவே பொருந்தும்.

ஆக, கண்ணாடிக்கு வெளி ஷேடு போடறதா இருந்தா 2ல இருந்து 2.5 டன் இன்வெர்ட்டர். ஷேடே போட முடியாதுன்னா 3 டன், அதுக்கு மேல ஒரு படி கூட வேண்டாம். பழைய ஏசி இன்னும் ஓடிட்டு இருக்கறதால உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அவசரப்படாம முதல்ல ஷேட போட்டுடுங்க, சந்து அடைக்கற வேலையையும் முடிச்சுடுங்க. அப்புறம் அதே மாதிரி வெயில் அடிக்கற நாள்ல, சாயங்காலம் 5 மணிக்கு, திரும்பவும் நிமிஷத்த எண்ணுங்க. 40 நிமிஷம் 25க்கு வந்துச்சுன்னா தேவை 6 கிலோவாட்டுக்குக் கீழ, 2 டன்னே போதும். 35லயே நின்னுச்சுன்னா 8 சொச்சம், அப்ப 2.5. அந்த நம்பரோட 2.5 டன் சொன்னவர திரும்பக் கூப்பிட்டு, அவர் எந்தக் கணக்குல அதச் சொன்னார்னு லோடு ஷீட்ட எழுத்துல கேளுங்க. அதுல மேற்கு கண்ணாடிக்குத் தனி வரியும் ஈரத்துக்குத் தனி வரியும் இருந்தா அவர்கிட்டயே வேலைய குடுக்கலாம்.